இடப்பக்க ஸ்டீயரிங்

"எங்கள் ஊரில் எடுத்த படம். அதில் போய் எதற்கு ஒரு சுவீடன் கார்?" என்று சென்செய், அதாவது எங்கள் ஆசிரியர், கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. 2022 வசந்தம். 'டிரைவ் மை கார்' ஆஸ்கர் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. ஹிரோஷிமாவில் எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஜப்பானிய மொழி வகுப்பு நடக்கும். எனக்கும், வியட்நாம், நேபாளம், பிலிப்பைன்ஸ் என்று பல நாடுகளிலிருந்து வந்த ஏழெட்டுப் பேருக்கும் காலணா வாங்காமல் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஓய்வு பெறும்வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் டாஷ்போர்டு செய்தவர். இலக்கணப் பிழையைக்கூட அந்தப் பழக்கத்தில்தான் பார்ப்பார்: திருகாணி இறுகவில்லை, கழற்று, மறுபடி மாட்டு. அன்றைக்குப் பேச்சுப் பயிற்சிக்கு 'அண்மையில் பார்த்த படம்' என்று தலைப்புக் கொடுத்ததும் அவர்தான். அவருடைய ஊரைப் புகழ்கிற நினைப்பில் நான் இந்தப் படத்தைப் பற்றிப் பேசினேன். முடித்ததும் வந்த கேள்வி அது. என் வினைச்சொற்களில் இருந்த பிழைகளை அவர் திருத்தவே இல்லை. அதிலிருந்தே கோபத்தின் அளவு தெரிந்தது.

இதை உள்ளூர்ப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஹிரோஷிமாவில் நான்கு மாதம் இருந்தவனுக்கே தெரியும், அங்கே உள்ளூர்க் கார்க் கம்பெனியான மாஸ்டாவைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் தணியும், வீட்டுப் பெரியவரின் உடல்நிலையைப் பற்றிப் பேசுவதுபோல. 1920இல் தக்கை செய்யத் தொடங்கிய கம்பெனி. 1931இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டிக்கு வந்தது. அணுகுண்டு விழுந்தபோது நடுவில் நின்ற ஹிஜியாமா குன்று தொழிற்சாலையைப் பெரும்பாலும் காத்துக்கொடுத்தது. ஊருக்குள் உருப்படியான கட்டடம் அதிகம் மிச்சமில்லாததால் மாகாண அரசு அலுவலகமே சில காலம் அந்த வளாகத்துக்குள் ஒண்டிக்கொண்டது. அதே 1945 டிசம்பரில் மூன்று சக்கர வண்டி மீண்டும் வாசலைத் தாண்டி வெளியே வந்தது. பிறகு 1967இல் ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் சுழலி சுழலும் வகை), உலகப் புகழ். 1973இல் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும் எஞ்சினை நம்பியிருந்த கம்பெனி மூச்சுத் திணறியது. சுமிதோமோ வங்கி உள்ளே வந்தது. உற்பத்தி வரிசையில் நின்றவர்களைக் கார் விற்கச் சொல்லி வெளியூர் விற்பனையகங்களுக்கு அனுப்பினார்கள். 1975இல் உள்ளூர் நிறுவனங்கள் சேர்ந்து கியோஷின்காய் என்று ஓர் அமைப்பையே தொடங்கின. அதன் கோரிக்கை எளியது: ஹிரோஷிமாக்காரர்களே, காரை நம் ஊரில் வாங்குங்கள். அதே ஆண்டுதான் சிவப்புத் தொப்பிக்கு மாறிய ஹிரோஷிமா கார்ப் பேஸ்பால் அணி முதன்முறையாகச் சென்ட்ரல் லீக் பட்டத்தை வென்றது. அந்த வயதுக்காரர்களிடம் 1975 என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

நானும் மாஸ்டாதான் வைத்திருந்தேன். ஒன்பது வயதான பழைய டெமியோ. வாங்கப் போனபோது சென்செய் கூடவே வந்தார். எஞ்சினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. முன்கதவைத் திறந்து டாஷ்போர்டின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். வேறு கம்பெனிக் காரை வாங்கியிருந்தால் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். சொல்லாமல் இருப்பார், அதுதான் சங்கடம்.

ஆகவே என்னால் முடிந்தவரை இயக்குநருக்காக வாதாடினேன். படத்துக்கு மூலமான ஹருகி முரகாமியின் சிறுகதையிலேயே அது சுவீடனின் சாப் 900தான். மஞ்சள் நிறம், மேலே திறந்துகொள்ளும் வகை. ஹமாகுச்சி ரியூசுகே அதைச் சிவப்பாக மாற்றினார், ஏனென்றால் ஜப்பானின் பச்சை நிலத்தில் மஞ்சள் கரைந்துபோகும். கூரை திறந்த காரில் பேச்சை ஒலிப்பதிவு செய்வது பெரும்பாடு என்பதால் மூடிய கூரை வந்தது. படத்தையே முதலில் தென்கொரியாவின் பூசானில் எடுப்பதாகத்தான் திட்டம். கொரோனா வந்ததால் ஹிரோஷிமாவுக்கு மாறியது. இவ்வளவையும் அடுக்கிவிட்டு, வழக்கில் வென்றவனைப்போல நின்றேன். சென்செய் விரல்விட்டு எண்ணினார். "பூசானை ஹிரோஷிமாவாக மாற்ற முடிந்தது. மஞ்சளைச் சிவப்பாக மாற்ற முடிந்தது. கூரையை மாற்ற முடிந்தது. காரை மட்டும் மாற்ற முடியவில்லையா?"

பதில் இல்லாததால் கொஞ்சம் முரட்டுத்தனமாக ஒன்றைச் சொன்னேன். நீங்கள் கேட்பது சினிமா இல்லை, விளம்பரம் என்றேன். ஜப்பானில் அதற்கும் பஞ்சமில்லை. 1969இல் இஷிஹாரா யூஜிரோ கிழக்கு ஆப்பிரிக்க ராலியில் நிஸ்ஸான் புளூபேர்டை ஓட்டும் படம் வந்தது. அடுத்த ஆண்டே அந்த ராலியில் புளூபேர்டு உண்மையாகவே வென்றது. அதே நடிகரின் நிறுவனம் பிறகு தொலைக்காட்சியில் எடுத்த போலீஸ் தொடரில் நிஸ்ஸான் கார்கள் வாரந்தோறும் பறந்தன, உருண்டன, வெடித்தன. 1967இல் ஜேம்ஸ் பாண்ட் டோக்கியோவுக்கு வந்தபோது அவருக்காக டொயோட்டா 2000ஜிடியின் கூரையையே எடுத்துவிட்டார்கள். மூடிய காரில் ஷான் கானரியின் உயரம் அடங்கவில்லை. (கார்க் கம்பெனிகளைப் பற்றி உண்மையாகப் பேசிய ஜப்பானியப் படம் என்றால் நான் மசுமுரா யசுசோ 1962இல் எடுத்த 'கறுப்புச் சோதனைக் கார்' படத்தைத்தான் சொல்வேன். இரண்டு கம்பெனிகள் ஒன்றன் ரகசியத்தை ஒன்று திருடுவதே கதை. இரண்டுமே கற்பனைக் கம்பெனிகள் என்பதில் வியப்பில்லை.) சென்செய் ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையைத் துடைத்தார். அடுத்த சனிக்கிழமை, ஒரு துணிப்பையில் சுற்றிய டிவிடியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மஞ்சள் கைக்குட்டை, சிவப்பு ஃபமிலியா

யமதா யோஜியின் 'மகிழ்ச்சியின் மஞ்சள் கைக்குட்டை'. 1977 அக்டோபரில் வந்தது. ஜப்பான் அகாடமி விருது தொடங்கிய முதல் ஆண்டின் சிறந்த படம். சிறையிலிருந்து வெளியே வருகிறவன் மனைவிக்கு ஒரு கடிதம் போடுகிறான்: இன்னமும் எனக்காகக் காத்திருந்தால் வாசல் கம்பத்தில் ஒரு மஞ்சள் கைக்குட்டையைக் கட்டிவை, இல்லையென்றால் நான் அப்படியே போய்விடுகிறேன். கதையின் விதை ஓர் அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுரையிலிருந்து வந்தது. யமதா அதைப் பிடுங்கி ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் நட்டார். நட்ட இடத்தில் வேர் பிடித்துக்கொண்டது. சிறைவாசி தக்காகுரா கென். அபாஷிரிச் சிறையைப் பெயரிலேயே கொண்ட ரவுடிப் படவரிசையில் 1965 முதல் 1972 வரை நடித்துப் புகழ்பெற்றவர், தாய்வீடான டோயேய் ஸ்டூடியோவை விட்டு வந்து, வேறொரு ஸ்டூடியோவின் படத்தில் அதே அபாஷிரிச் சிறையிலிருந்து விடுதலையாகிறார். அந்த நாட்டு ரசிகர்கள் தியேட்டரில் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். வெளியே வந்ததும் ஓர் எளிய உணவகத்தில் அவர் பீர் குடிக்கும் காட்சிக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்தாராம். கண்ணாடித் தம்ளரை அவர் இரண்டு கையாலும் பற்றுகிற விதத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

கார் அவருடையது இல்லை. காதலில் தோற்ற கின்யா என்ற டோக்கியோ இளைஞன், தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, கணக்கு முடித்துக் கிடைத்த பணத்தில் ஒரு புத்தம்புதுச் சிவப்பு ஃபமிலியாவை வாங்கிக்கொண்டு கப்பலேறி ஹொக்கைடோவுக்கு வருகிறான். அந்த ஃபமிலியா 1977 ஜனவரியில்தான் சந்தைக்கு வந்தது. டோயோ கோக்யோ, அப்போது மாஸ்டாவின் பெயர் அதுதான், தலை தப்புமா தப்பாதா என்று இருந்த நேரத்தில் ரோட்டரியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாதாரண எஞ்சினோடு செய்த சிறிய கார். தொழிற்சாலைக்காரர்கள் கார் விற்கப் போன காலத்தில், படத்தில் ஒரு தொழிற்சாலைக்காரன் கார் வாங்குகிறான். ரயில் நிலையத்தில் ஒரு பெண் ஏறிக்கொள்கிறாள், பிறகு சிறையிலிருந்து வந்தவர் ஏறிக்கொள்கிறார். மூவருமாகச் சுற்றுகிறார்கள்.

விளம்பரம் என்று நான் சொன்னதற்காகத்தான் சென்செய் இந்த டிவிடியைக் கொடுத்தார் என்று பாதிப் படத்திலேயே புரிந்துவிட்டது. எந்தக் கம்பெனியும் தன் புதுக் காருக்கு இப்படி நேரவேண்டும் என்று கேட்காது. அந்தப் பெண் ஓட்டும்போது எதிரே டிராக்டர் வர, கார் சாலையை விட்டு விலகி வைக்கோலில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஓட்டுகிறவன் நண்டை அளவுக்கு மீறித் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைகிறான். வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு ரவுடியிடம் அடி வாங்குகிறான். அப்போதுதான் பின்னிருக்கை மனிதர் இறங்கி, ரவுடியைச் சாய்த்துவிட்டு, முதன்முறையாக ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார். சிறிது தூரத்தில் போலீஸ் சோதனை. உரிமம் எங்கே என்று கேட்கிறார்கள். ஆறு ஆண்டு உள்ளே இருந்ததில் அது காலாவதியாகிவிட்டது. ஏன் புதுப்பிக்கவில்லை என்ற ஒரு சாதாரணக் கேள்விக்குப் பதில் சொல்லப்போய் முழு வாழ்க்கையும் வெளியே வருகிறது. ஓட்டுநர் உரிமத்தின் தேதியை வைத்து ஒரு மனிதனின் ரகசியத்தை உடைக்கலாம் என்று யமதாவுக்குத் தோன்றியதே, அதற்காகவே அவருக்குக் கும்பிடு போடலாம்.

டிவிடியைத் திருப்பிக் கொடுக்கப்போனவனைச் சென்செய் வீட்டுக்குள் அழைத்து மறுபடியும் போட்டுக் காட்டினார். காருக்குள் எடுத்த காட்சி ஒன்றில் படத்தை நிறுத்தினார். டாஷ்போர்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையில் எடுத்த முதல் டாஷ்போர்டு அதுதானாம். படம் வந்தபோது அவருக்கு 20 வயது. ஐரோப்பாவுக்கு மாஸ்டா 323 என்ற பெயரில் போகும், அமெரிக்காவுக்கு ஜிஎல்சி என்ற பெயரில் போகும். அவற்றுக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். நம் ஊரைப்போலவே ஜப்பானிலும் வண்டிகள் இடப்புறம் போகும், ஸ்டீயரிங் வலப்பக்கம். இரண்டு வகை டாஷ்போர்டும் ஒரே கூடத்தில் தயாராகும், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம்போல இருக்கும். தூக்கக் கலக்கத்தில் ஒன்றை மாற்றி அடுக்கிவிட்டால் தலைமைத் தொழிற்சாலையில் வரிசையே நிற்கும். "நாற்பது ஆண்டுகளில் நான் முதலில் பார்க்கப் பழகியது அது ஒன்றைத்தான். எந்தப் பக்கம் துளை இருக்கிறது என்று" என்றார். அவர் மாற்றி அடுக்கியதுண்டா என்று கேட்டேன். தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

நிலக்கரி ஊரில் ஒரு பெட்ரோல் வண்டி

அந்த ஆண்டு ஜூலையில் விடுமுறை கிடைத்தது. சப்போரோவுக்குப் போய் அங்கிருந்து யூபாரிக்குப் போனேன். ஊருக்குள் போகும் ரயில் கிளைப்பாதையை 2019இலேயே மூடிவிட்டார்கள், வாடகைக் கார்தான். படத்தில் மூவரும் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர் இது. நாயகன் சுரங்கத் தொழிலாளி. 1960 வாக்கில் இங்கே 1 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். நான் போனபோது 7,000 சொச்சம். படம் எடுத்த 1977இல் சுரங்கங்கள் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1981 அக்டோபரில், புதிய சுரங்கத்தில் எரிவாயு வெடித்து 93 பேர் இறந்தார்கள். 1990இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. நிலக்கரி போனால் சுற்றுலா என்று நகரசபை கேளிக்கைப் பூங்காவும் விடுதியும் கட்டிக் கடன் வாங்கிக் குவித்து, 2007இல் சுமார் 3,530 கோடி யென் கடனோடு திவால் நிலைக்கு வந்தது. ஜப்பானில் நகராட்சி திவாலாவது அபூர்வம். யூபாரி என்ற பெயரே அதற்கு எடுத்துக்காட்டாகிவிட்டது. சாலையோரத்தில் பூட்டிய வீடுகள், அவற்றின் கூரைவரை ஏறிய கொடிகள், நடுவே நன்றாகப் பராமரித்த முலாம்பழக் கூடாரங்கள். வழியில் நான் நிறுத்திய கடையில் ஒரே ஒரு பெண்மணி இருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா என்று சொல்லவா, ஹிரோஷிமா என்று சொல்லவா என்று ஒரு கணம் தடுமாறி, ஹிரோஷிமா என்றேன். "கைக்குட்டை பார்க்கவா?" என்றார்.

படப்பிடிப்பு நடந்த சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பை அப்படியே வைத்திருக்கிறார்கள். வெளியே உயர்ந்த கம்பத்திலிருந்து கயிறு நீள மஞ்சள் துணிகள் படபடக்கின்றன. உள்ளே நுழைந்தால் சுவர், கூரை எல்லாம் மஞ்சள்: வந்தவர்கள் எழுதி ஒட்டிய தாள்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. நடுவில் அந்தச் சிவப்பு ஃபமிலியா நிற்கிறது. நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. தக்காகுரா கென் மாதிரி உயரமான மனிதரை அந்தப் பின்னிருக்கையில் எப்படி மடித்து வைத்தார்கள் என்று தெரியவில்லை. எட்டி டாஷ்போர்டைப் பார்த்தேன், சென்செய்க்குப் பிடித்த மாதிரி ஒரு கோணத்தில் படமும் எடுத்தேன். அப்படி எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஏதோ இடறியது.

இந்தக் காருக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு? ஹிரோஷிமாவில் செய்தது, டோக்கியோப் பையன் ஓட்டிவந்தது. இந்த ஊர் வாழ்ந்தது நிலக்கரியால். அதைக் கொன்றது பெட்ரோல். ஜப்பான் நிலக்கரியை விட்டு இறக்குமதி எண்ணெய்க்கு மாறிய பிறகுதான் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த எண்ணெயில் ஓடுகிற ஒரு புதுக் கார் சுரங்கக்காரனைச் சுமந்துகொண்டு சுரங்க ஊருக்குள் நுழைகிறது. யமதா இதை ஒரு வசனத்தில்கூடச் சொல்லவில்லை, கறுப்புக் கழிவுமேடுகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி நகர்வதைக் காட்டுகிறார், அவ்வளவுதான். 1977இல் இந்தத் தெருவில் நின்று பார்த்த யாருக்கும் அது வெளியூர் வண்டி. சென்செய் 'எங்கள் கார்' என்று என்னிடம் எடுத்துக் காட்டிய கார், படத்துக்குள் முழுக்க முழுக்க அந்நியன். ஊருக்குச் சொந்தமில்லாத ஒரு கார் வந்ததால்தான் ஊரைவிட்டுப் போனவன் திரும்ப முடிந்தது. ஊர்ப் பஸ்ஸில் வந்திருந்தால் முந்தைய நிறுத்தத்திலேயே அவன் இறங்கிப் போயிருப்பான். பயந்து, திருப்பு திருப்பு என்று அவன் சொல்ல, ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத இருவர்தான் திருப்ப மறுக்கிறார்கள். இன்றைக்கு அந்த அந்நியன் யூபாரிக்காரன். ஊருக்கென்று காட்ட மிச்சமிருக்கும் சிலவற்றில் ஒன்று. வெயிலில் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். சென்செய்யின் சாட்சியே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்று தோன்றியது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் தோன்றியது.

செய்தவர்கள் இல்லாத கார்

ஹிரோஷிமாவுக்குத் திரும்பி 'டிரைவ் மை கார்' படத்தை மறுபடி பார்த்தேன். முதல் தடவை நான் கவனிக்காத எளிய உண்மை ஒன்று இருந்தது: சாப் என்ற கார்க் கம்பெனி அப்போது உயிரோடு இல்லை. சுவீடனின் டிரோல்ஹெட்டானில் விமானக் கம்பெனியின் பிள்ளையாகப் பிறந்து, ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போய், அங்கிருந்தும் கைமாறி, 2011 டிசம்பரில் திவாலானது. முரகாமி கதையைப் பத்திரிகையில் வெளியிட்டது 2013இல். படத்தின் நாயகன் மனைவியை இழந்த நாடக இயக்குநர்; அவன் வைத்திருப்பது, செய்தவர்கள் இல்லாமல்போன காரை. மாஸ்டாவாக இருந்தால் தெருமுனையில் உதிரிபாகம் கிடைக்கும். ஹிரோஷிமாவில் கேட்கவே வேண்டாம். இதற்கு ஒவ்வொரு பாகத்தையும் தேடி வாங்கி, காத்து, ஒரு கீறல் விழாமல் வைத்திருக்க வேண்டும். ஓட்ட வந்த மிசாகி என்ற பெண்ணுக்கு அந்தக் காரைப் பிடித்துப்போவதற்குக் காரணமே அதை அருமையாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுவதுதான். இன்னொன்றும் உண்டு. சாப் 900இல் சாவித் துளை ஸ்டீயரிங் அருகில் இருக்காது. இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே, கியர் பக்கத்தில் இருக்கும். படத்தின் பெரும்பகுதி நாயகன் பின்னிருக்கையில் இருக்கிறான். நம் ஊரில் கார் வைத்திருப்பவர் உட்காரும் இடம். ஓர் இரவு, தன் நாடகத்தில் நடிக்கும் இளம் நடிகனின் நீண்ட பேச்சைக் கேட்டு முடித்த பிறகு, முன்னால் வந்து அவள் பக்கத்தில் உட்காருகிறான். சாவி இப்போது இருவருக்கும் நடுவே. இருவரும் புகைபிடித்துக்கொண்டு, சிகரெட் பிடித்த கைகளைக் கூரைத் திறப்பின் வழியே உயர்த்துகிறார்கள்.

(அந்தச் சிகரெட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பஞ்சாயத்து உண்டு. கதை முதலில் வந்தபோது மிசாகியின் ஊர் ஹொக்கைடோவில் உண்மையாகவே உள்ள நகாதொன்பெத்சு. அவள் சிகரெட்டைக் கார் ஜன்னலுக்கு வெளியே எறிகிறாள். அந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான்போல என்று நாயகன் நினைத்துக்கொள்கிறான். ஊர்மன்ற உறுப்பினர்கள் கொதித்துப் போனார்கள். நூலாக வந்தபோது முரகாமி ஊர்ப் பெயரையே மாற்றி, இல்லாத ஓர் ஊரை வைத்துவிட்டார். ஊர்க்காரர்களின் ரோஷத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதைச் சென்செய்யை வைத்தும் நான் கற்றுக்கொண்டிருந்தேன்.)

இந்தச் சிவப்புக் காரும் கடைசியில் ஹொக்கைடோவுக்குத்தான் போகிறது. ஹிரோஷிமாவிலிருந்து வடக்கே, இரவும் பகலுமாக, ஒரே மூச்சில். பனி மூடிய அந்த இல்லாத ஊரின் காட்சிகளை எடுத்தது அகாபிராவில். அதுவும் யூபாரியைப்போல அதே சொராச்சி வட்டாரத்தில் உள்ள பழைய சுரங்க ஊர். 44 ஆண்டு இடைவெளியில் இரண்டு சிவப்புக் கார்கள், சொல்லாத குற்றத்தைச் சுமந்த இரண்டு ஆண்கள், ஓட்டுவதற்கு வேறொருவர், முடிவில் ஒரே நிலக்கரி நிலம். ஹமாகுச்சி இதை யோசித்துச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. எனக்கு இது போதுமாக இருந்தது.

சென்செய்க்குப் போதவில்லை. யூபாரியில் எடுத்த டாஷ்போர்டுப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அந்நியன் வாதத்தைத் தலை கவிழ்ந்து கேட்டார். செத்துப்போன கம்பெனி என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் நிமிர்ந்தார். "அந்தக் கார் செய்த ஊரில் இப்போது என்ன ஓட்டுகிறார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அவர்கள் ஊரில் 1975 வரவில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பழைய பல்லவியையே பிடித்தார். படத்தில் ஹிரோஷிமா எங்கே இருக்கிறது? தீவும் பாலமும் நாடக மேடையும் இருக்கின்றன. பொழுது விடியும்போது சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் எங்கே? நான் குப்பை எரிக்கும் ஆலையைச் சொன்னேன். தானிகுச்சி யோஷியோ வடிவமைத்த ஆலை அது. அமைதிப் பூங்காவிலிருந்து கடல்வரை நீளும் நேர்கோட்டை மறைக்காதபடி கட்டடத்தின் நடுவிலேயே வழி விட்டிருக்கிறார். மிசாகி ஹிரோஷிமாவுக்கு வந்ததே, மேற்கு நோக்கி ஓட்டிவந்த கார் அங்கே பழுதாகி நின்றதால்தான்; முதலில் செய்தது குப்பை லாரி ஓட்டும் வேலை. "பழுதான கார் எந்தக் கம்பெனி?" என்றார் உடனே. அன்றைக்கு இருவருமே சிரித்துவிட்டோம். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி எனக்குள் தங்கிவிட்டது. அந்த ஊரில் ஆறு ஆண்டு வாழ்ந்த நானே, விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவர்களைப் படத்தில் தேடவில்லையே.

2024 பிப்ரவரியில் நான் ஊருக்குக் கிளம்பவேண்டியிருந்தது. போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்செய் சாப்பிட அழைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு, போர்வை போட்ட வெதுவெதுப்பான மேசையடியில் காலை நீட்டிக்கொண்டு, அவரே தொடங்கினார்: அந்தப் படத்தைத் தியேட்டரில் அவர் முழுதாகப் பார்க்கவில்லையாம். 179 நிமிடம் உட்கார இடுப்பு இடம் கொடுக்கவில்லை. ஹொக்கைடோவுக்குக் கிளம்பும்போதே எழுந்து வந்துவிட்டாராம். இரண்டு ஆண்டுச் சண்டையை முடிவே பார்க்காமல் போட்டிருக்கிறார்! மீதியைப் போடச் சொன்னார். போட்டேன். பனியில் இருவரும் கட்டிக்கொள்ளும் இடத்தில் அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மேடையில் சைகைமொழியில் பேசும் கடைசிக் காட்சியில் உரிப்பது நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்து எழப் போனவரைக் கையமர்த்தினேன்.

கொரியா. ஒரு கடையில் மிசாகி காய்கறி வாங்குகிறாள், முகக்கவசத்தோடு. வெளியே அதே சிவப்பு சாப், கொரிய நம்பர் பிளேட். உள்ளே ஒரு நாய். அவள் கவசத்தைக் கழற்றுகிறாள், ஓட்டிக்கொண்டு போகிறாள். காரை அவளிடம் கொடுத்துவிட்டானா, அவனும் அங்கேதான் இருக்கிறானா, படம் சொல்வதில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கினார். பின்னால் ஓட்டினார், நிறுத்தினார். மறுபடி பின்னால் ஓட்டினார். சாலையைப் பார்த்தார். கொரியாவில் வண்டிகள் வலப்புறம் போகும். படம் முழுக்க ஜப்பானியச் சாலைகளில் தப்பான பக்கத்தில் இருந்த ஸ்டீயரிங், இந்த ஒரு நிமிடத்தில் இருக்கவேண்டிய பக்கத்தில் இருந்தது. நான் மூன்று தடவை பார்த்தும் கண்ணில் படாத விஷயம்.

"ஏற்றுமதி அடுக்கு" என்றார் சென்செய், திரையை விரலால் தொட்டு. உரித்த ஆரஞ்சில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, படத்தை ஓடவிட்டார்.